தேனாவரைக் கல்லை எப்படி வாசிப்பது

கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் கண்டி மன்னரின் சிம்மாசனத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடுவார்கள். கல்வெட்டுகள் இருக்கும் பக்கம் கூட்டம் குறைவு. தேனாவரைக் கல், அதாவது காலி மும்மொழிக் கல், அங்கேதான் இருக்கிறது.

உயரம் ஏறத்தாழ 145 சென்டிமீட்டர், அகலம் 76, தடிப்பு 13. உச்சியில் இரண்டு டிராகன்கள். வலப்பக்கம் மேலிருந்து கீழாகச் சீனம். இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். சீனக் கப்பல்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த இந்தக் கல்லின் திகதி 1409 பெப்ரவரி. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள்.

ஒரே செய்தியின் மூன்று மொழிபெயர்ப்பு என்று நினைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினால் முதல் அடியிலேயே பிழையாகிவிடும். காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான், பெறுபவர்தான் வேறு. சீனப் பகுதி புத்தருக்குப் படைக்கிறது, பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில் பேசுகிறது, தமிழ்ப் பகுதி இலங்கையில் உள்ள தேனாவரை நாயனாருக்கு, அதாவது தேனாவரைக் கோயில் தெய்வத்துக்கு, என்கிறது. மூன்று சமூகத்துக்கும் சமமாகப் பங்கு வைத்த வியாபாரப் புத்தி!

இனிப் பட்டியல். சீனப் பகுதியில் உள்ளபடி பொன் 1000 சியேன், வெள்ளி 5000 சியேன். ஒரு சியேன் சுமார் 3.7 கிராம். ஆக, பொன் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, வெள்ளி பதினெட்டரைக் கிலோ. பட்டு வகை இரண்டில் ஐம்பது ஐம்பது சுருள், செம்புத் தூபக்கால் 5, பூச்சாடி 5 சோடி, விளக்கு 5, பொற்றாமரை 6 சோடி. எல்லோரும் பொன்னிலேயே நின்றுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது எண்ணெயை: வாசனை எண்ணெய் 2500 கட்டி (கட்டி என்பது ஒரு சீன எடை). கட்டி ஒன்று அறுநூறு கிராம் என்று வைத்தால் ஒன்றரைத் தொன். சின்னச் சந்நிதிக்கு யாரும் இவ்வளவு எண்ணெய் ஏற்றிவர மாட்டார்கள்.

தேனாவரை நாயனார் கோயில் மாத்தறைக்கு அப்பால் இன்றைய தெவிநுவரவில், தேவேந்திர முனையை ஒட்டி இருந்தது. கல்லுக்கு அறுபத்தைந்து ஆண்டு முன்னர், 1344இல், அங்கே போன மொரோக்கோப் பயணி இப்னு பதூதா ஊரின் வருமானம் முழுக்கத் தெய்வத்துக்கே உரியது என்று எழுதியிருக்கிறார். பிராமணரும் யோகிகளுமாக ஆயிரம் பேர், இரவில் ஆடிப்பாடும் பெண்கள் ஐந்நூறு பேர். மதுரையில் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் இருப்பதை அறிந்தவர்களுக்கு, கோயிலைச் சுற்றியே ஒரு ஊர் வாழ்வது புதிதல்ல. சிங்களத் தூது காவியங்களுக்கும் இந்த ஊர் ஒரு சந்தி மாதிரி. 15ஆம் நூற்றாண்டுக் குயில் தூது இங்கிருந்து கிளம்பித்தான் யாழ்ப்பாணம் போகிறது.

எழுத்தில் கவனம் தேவை. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். காலும் ரகரமும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஊர்ப்பெயரை ஒருவர் ‘தெனாவரை’ என்றும் இன்னொருவர் ‘தேனாவரை’ என்றும் எழுதினால் சண்டை வேண்டாம். கல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நேரே வெளிச்சம் விழுந்தால் வெட்டு தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் நின்று, எழுத்தின் நிழலைப் பிடித்து வாசியுங்கள். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்திருக்கிறது.

அடுத்த சண்டை, நாயனார் யார் என்பது. இலங்கையின் ஐந்து பழைய சிவன் கோயில்களான பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான தொண்டேச்சரம் இதுவே என்பது நம்மவர் மரபு. சிங்கள இலக்கியத்தில் அவர் உபுல்வன் என்ற தெய்வம், பின்னாளில் விஷ்ணு. ‘நாயனார்’ என்றால் தலைவர், அவ்வளவுதான். இந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சிவன் என்று நிறுவ முடியாது. நிறுவுகிறவர்கள் கல்லை வாசிக்கவில்லை, தங்கள் ஆசையை வாசிக்கிறார்கள்.

கோயில் அழிந்த கதை கொழும்போடு முடிச்சுப்போட்டது. 1587இல் சீதாவாக்கை மன்னன் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டான். அவன் படையைத் திசைதிருப்பப் போர்த்துக்கேயர் கப்பலில் தெற்கே போய்க் கரையோர ஊர்களைக் கொளுத்தினார்கள். 1588 பெப்ரவரியில் தோமே டி சோசாவின் ஆட்கள் தேனாவரையைச் சூறையாடினார்கள். ஏழடுக்குத் தேர் ஒன்றும் எரிந்ததாகப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூட்டோ எழுதுகிறார்.

நேரில் போக நினைத்தால் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கரையோரப் புகையிரதத்தில் மாத்தறை. அங்கிருந்து தெவிநுவரவுக்கு பஸ்ஸில் ஆறு கிலோமீட்டர் அளவுதான். விஷ்ணு தேவாலயத்தோடு நின்றுவிடாமல் ‘கல்கே’ (கல் வீடு) எங்கே என்று கேட்டுப் போங்கள். சுவரும் கல், தட்டைக் கூரையும் கல். வெயிலுக்கு முன் போவது நல்லது.