ஸ்லைடருக்கு முன்னால் கேட்டலாக்: லைட்ரூமைப் புத்தகம் வைத்துக் கற்ற கதை

படங்களை அடுக்கி வைக்கவும் திருத்தவும் உதவும் அடோபியின் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கை முதலில் வீடியோக்கள் பார்த்துத்தான் பழகினேன். வானத்தை அடர் நீலமாக்க ஒரு வீடியோ, முகத்தைப் பளிச்சென்று காட்ட இன்னொன்று. வீடியோ போட்டவரின் படத்தில் அற்புதமாக வரும். அவர் ஸ்லைடர்களில் (ஒளியையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்க இழுக்கும் பட்டைகள்) வைத்த அதே எண்களை என் படத்தில் போட்டால் கண்ணைக் குத்தும். ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அலுத்துப்போய்த் தடிமனான வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போவது, பக்கத்திலேயே மென்பொருளைத் திறந்து வைத்துக்கொள்வது, இரண்டுதான் திட்டம்.

எடிட்டிங் கற்கலாம் என்று ஆசையாகத் திறந்தால், புத்தகம் அந்தப் பக்கமே போகவில்லை. இம்போர்ட் (படங்களை லைட்ரூமில் சேர்ப்பது), கேட்டலாக், ஃபோல்டர், கீவேர்ட் (படத்துக்கு ஒட்டும் தேடுசொல்), கலெக்‌ஷன் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் படங்களை அடுக்கி வைப்பதைப் பற்றியே பேச்சு. தாண்டிவிடலாமா என்று கை பரபரத்தது. தாண்டாததற்குக் காரணம் கேட்டலாக் பற்றிய அத்தியாயம்.

நாம் இம்போர்ட் செய்த படங்கள் லைட்ரூமுக்குள் போய்விட்டன என்றுதான் பலரும் நினைக்கிறோம். உள்ளே எந்தப் படமும் போவதில்லை. கேட்டலாக் வெறும் பதிவேடு: எஸ்க்யூலைட் வகை டேட்டாபேஸ் கோப்பு. எந்தப் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதற்கு எத்தனை நட்சத்திரம், எந்த ஸ்லைடர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற விவரம் மட்டும்தான் அதில் இருக்கும். மூலப்படம் டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே, எடுத்தபடியே இருக்கும். இது ஒன்று புரிந்ததும் மற்றதெல்லாம் தானாக விளங்கியது. லைட்ரூமுக்கு வெளியே ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினால் உள்ளே கேள்விக்குறி வருவது ஏன்? பதிவேட்டில் பழைய முகவரி இருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு திருத்தினாலும் மூலப்படத்துக்குச் சேதம் வராததும் இதனால்தான். அப்புறம் முக்கியமான ஒன்று: மூடும்போது லைட்ரூம் எடுக்கும் பேக்கப்பில் கேட்டலாக் மட்டுமே போகும், படங்கள் போகாது. அந்தப் பேக்கப்பும் நாம் மாற்றாவிட்டால் கேட்டலாக் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். படித்த அன்றே பேக்கப்பை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன், படங்களுக்குத் தனியாக நகல் எடுத்தேன்.

புத்தகத்தோடு பயிற்சிக்கென்று மாதிரிப் படங்கள் வந்தன. கொஞ்ச தூரம் அவற்றை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவை எல்லாமே ஏற்கெனவே நல்ல படங்கள். எதைக் கழிப்பது என்ற தவிப்பே வராது. என் சொந்தக் குவியலை எடுத்துக்கொண்டதும்தான் பாடம் பிடிபட்டது. கழிக்கும் முறை எளிது: படத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, பிடித்தால் பி, வேண்டாமென்றால் எக்ஸ். கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டால் விசையைத் தட்டியதும் அடுத்த படம் தானாக வந்துவிடும். ஒரே பறவையை வரிசையாக எடுத்த படங்கள் என்றால், அவற்றைத் தேர்ந்தெடுத்து என் (N) என்ற விசையைத் தட்டினால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வேண்டாததை ஒவ்வொன்றாக வெளியேற்றிக்கொண்டே வரலாம். நட்சத்திரம் கொடுப்பதையெல்லாம் முதல் சுற்றில் செய்யாதே, வேண்டும் வேண்டாம் என்று மட்டும் முடிவு செய் என்கிறது புத்தகம். சரியான யோசனை. மூன்று நட்சத்திரமா நான்கா என்று யோசிக்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

கீவேர்ட் அத்தியாயம் நீளம், நிஜமாகவே அலுப்பும்கூட. ஆனால் கீவேர்டை அடுக்கடுக்காக வைக்கலாம் என்பது அங்கேதான் தெரிந்தது. பறவை, அதற்குள் நீர்ப்பறவை, அதற்குள் கொக்கு என்று வைத்துவிட்டு, படத்துக்குக் கொக்கு என்று மட்டும் போட்டால் போதும். பறவை என்று வடிகட்டினாலும் அது வந்து நிற்கும். ஸ்மார்ட் கலெக்‌ஷன் அதற்கு மேல் ஒரு படி. நிபந்தனையைச் சொல்லிவிட்டால், பொருந்துகிற படங்களை அதுவே சேர்த்துக்கொள்ளும். கீவேர்ட் இல்லாத படங்கள் என்று ஒரு ஸ்மார்ட் கலெக்‌ஷன் லைட்ரூமோடு சேர்ந்தே வருகிறது. என் சோம்பேறித்தனத்துக்கு நிரந்தர சாட்சி அதுதான்.

இவ்வளவு உழைப்பையும் ஒரே மென்பொருளை நம்பிக் கொட்டலாமா என்ற சந்தேகம் நடுவில் வந்தது. லைட்ரூம் போன்ற இன்னொரு மென்பொருளான ஆப்பிளின் அப்பர்ச்சர் 2005-ல் வந்தது, 2014-ல் இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதில் நூலகம் கட்டியவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. இதற்குப் பதில் எக்ஸ்எம்பி (படத்தின் விவரங்களை எழுதி வைக்கும் பொது வடிவம்) பற்றிய சில பக்கங்களில் இருந்தது. கண்ட்ரோலோடு எஸ் விசையை அழுத்தினால் கீவேர்ட், நட்சத்திரம், தலைப்பு எல்லாம் கேட்டலாக்கில் மட்டுமல்லாமல் படத்தோடும் எழுதப்படும். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படம்) என்றால் பக்கத்திலேயே ஒரு சிறிய கோப்பாக. வேறு மென்பொருள்களும் இவற்றைப் படித்துக்கொள்ளும். கலெக்‌ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் (ஒரே படத்துக்குக் கேட்டலாக்கில் மட்டும் இருக்கும் மாற்றுத் திருத்தங்கள்) அப்படிப் போகாது. அதனால் முக்கியமான தகவல் எதையும் நான் கலெக்‌ஷன் பெயரில் மட்டும் வைப்பதில்லை, கீவேர்டாகவும் போட்டுவிடுகிறேன்.

ஒருவழியாக, படத்தைத் திருத்தும் டெவலப் பகுதி வந்தது. புத்தகம் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது இங்கேதான்.

ரா படத்தைத் திறந்ததும் ஒரு நொடி துடிப்பாகத் தெரிந்து, உடனே மங்கிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். மென்பொருள்தான் கெடுக்கிறது என்று பலர் திட்டுவதுண்டு. முதலில் தெரிவது கேமரா தன் ரசனைப்படி தயாரித்து ரா கோப்புக்குள் வைத்திருக்கும் ஜேபெக். அப்புறம் வருவது லைட்ரூம் தானே உருவாக்கும் வடிவம். கேமரா காட்டிய நிறம்தான் வேண்டுமென்றால் ப்ரொஃபைல் (அடிப்படை நிறமும் ஒளியும் எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) பெட்டியில் கேமராவுக்குப் பொருந்தும் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். எந்த ஸ்லைடரையும் தொடும் முன் செய்ய வேண்டியது இது. பின்னால் மாற்றினால் செய்த திருத்தமெல்லாம் வேறு தோற்றத்துக்குப் போய்விடும்.

உச்சி வெயிலில் எடுத்த கொக்குப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். இறகு முழுக்க வெள்ளைத் திட்டு. ஹிஸ்டோகிராம் (இருட்டிலிருந்து வெளிச்சம் வரை படத்தின் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஜே விசையைத் தட்டினால் வெளுத்த இடமெல்லாம் சிவப்பாகக் காட்டும். முதுகு முழுவதும் சிவப்பு. வெளிச்சமான இடங்களுக்கான ஹைலைட்ஸ் ஸ்லைடரைக் குறைக்கக் குறைக்க அந்தச் சிவப்பு ஓரங்களிலிருந்து சுருங்கி, இறகின் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தோள்பட்டை அருகே மட்டும் ஒரு சிறு திட்டு அசையவில்லை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒயிட்ஸ் ஸ்லைடரைப் பிடித்தால் திரை கறுப்பாகி, வெளுத்த இடம் மட்டும் மிஞ்சும். அங்கே நிறம் தெரிந்தால் எல்லாச் சேனல்களும் (சிவப்பு, பச்சை, நீலம்) நிரம்பவில்லை, எதையாவது மீட்கலாம். வெள்ளையாகவே நின்றால் மூன்று சேனலும் நிரம்பிவிட்டன. எவ்வளவு இழுத்தாலும் சாம்பல் பூசுமே தவிர இறகு வராது. இதே படத்தை ஜேபெக்காக எடுத்திருந்தால் இந்த அளவுக்குக்கூட மீண்டிருக்காது. ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான், 14 பிட் ரா கோப்பில் 16,384. வீடியோவில் வந்த எண்கள் என் படத்தில் ஏன் பொருந்தவில்லை என்பதற்கும் இங்கேயே விடை கிடைத்தது. எண்ணைப் பார்த்து நகர்த்தும் வேலையே இல்லை இது, ஹிஸ்டோகிராமைப் பார்த்து நகர்த்துவது.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். என் புத்தகம் பழைய பதிப்பு. படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்துவதற்கு அதில் கிராஜுவேட்டட் ஃபில்டர், ரேடியல் ஃபில்டர், பிரஷ் என்று மூன்று தனிக் கருவிகள். 2021 அக்டோபரில் வந்த பதிப்பில் அடோபி எல்லாவற்றையும் மாஸ்கிங் என்ற ஒரே இடத்தில் கொண்டுவந்துவிட்டது. புத்தகப் பக்கத்தில் இருக்கும் படத்தையும் திரையையும் பார்த்தால் இரண்டும் வேறு மென்பொருள் போல இருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. பொறுமையாகப் படித்தால் அடிப்படை மாறவில்லை: எங்கே, எவ்வளவு மெதுவாக மங்க வேண்டும், எந்த ஒளி அளவுக்கு மட்டும் பிடிக்க வேண்டும். வானத்தையும் ஆளையும் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி புத்தகத்தில் இல்லை, ஆனால் அதற்குப் பாடம் தேவைப்படவும் இல்லை. தானியங்கித் தேர்வு மரக்கிளை ஓரத்தில் சொதப்பும்போது அதைக் கழித்துச் சரிசெய்யும் கை, பழைய பிரஷ் அத்தியாயத்தில் வந்ததுதான். வாங்குபவர்கள் முடிந்தால் புதிய பதிப்பாகப் பாருங்கள். கையில் பழையது இருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

பின்பக்கப் பொருளடைவை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு வந்த தொல்லையின் பெயர் அங்கே இருக்காது. ஏற்றுமதி செய்த படம் இன்னொரு திரையில் சோகையாகத் தெரிகிறது என்று தேடினால் ஒன்றும் வராது. கலர் ஸ்பேஸ் (படம் எந்த அளவு நிறங்களைக் காட்டலாம் என்ற வரம்பு, அதாவது நிற வெளி) என்று தேடத் தெரிந்திருக்க வேண்டும். அகன்ற நிற வெளியில் ஏற்றுமதி செய்த படத்தை, அதைக் கவனிக்காத ஒரு செயலி திறந்தால் நிறம் மங்கிப்போகும். மற்றவர்களுக்கு அனுப்பும் படத்துக்கு பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற வெளியை வைத்தால் தொல்லை இல்லை. அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் என் பாஷையில் பென்சிலால் எழுதி வைத்தேன்: மங்கல், புள்ளி புள்ளியாக, முகம் மஞ்சள். இப்போது தேடுவது அதைப் பார்த்துத்தான்.

பிரின்ட், ஸ்லைடுஷோ அத்தியாயங்களைப் புரட்டியதோடு சரி. மேப் பகுதி பக்கமே போகவில்லை, என் கேமராவில் ஜிபிஎஸ் இல்லை. இப்போது நடப்பது பழைய படங்களுக்குக் கீவேர்ட் போடும் வேலை, புதியதிலிருந்து பழையதை நோக்கி.