குப்பியில் 74

ஜனவரி 3
வீட்டுக்கு வந்தாயிற்று. 18 படி. ஒவ்வொரு படியிலும் அம்மா நின்று திரும்பிப் பார்த்தாள். நேற்று சிறுநீரகத்தில் சோதனைக்குத் துண்டு எடுத்தார்கள். பிறகு ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடந்ததில் வலிப்பது இடுப்புதான்; ஊசி இறங்கிய இடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்திரி, அவ்வளவே. காலையில் சிறுநீர் பீட்ரூட் கழுவிய தண்ணீர் போல இருந்தது. மாலையில் வெளுத்தது.

ஜனவரி 4
நிறம் தெளிந்துவிட்டது. நுரை மட்டும் பழையபடி.

ஜனவரி 5
தூங்கவில்லை. 2ஆம் தேதி நடந்ததே கண்முன் ஓடியது. குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்து, இடது பக்கம் மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஸ்கேன் கருவி முதுகில் ஊர்ந்தது. “மூச்சைப் பிடியுங்கள்” என்றார் டாக்டர். உள்ளே டக் என்று ஒரு சத்தம். அச்சகத்தில் ஸ்டேப்ளர் அடிக்கிற அதே சத்தம். பிறகு இன்னொரு முறை. தலையை ஒருக்களித்து வைத்திருந்ததால் மேசையிலிருந்த குப்பி கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஃபார்மலினில் நூலிழை போல என் துண்டு. சீட்டில் என் பெயர். வயது 74.

எனக்கு 47.

22 வருடமாக மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறவன், வாயைத் திறக்கவில்லை. மூச்சைப் பிடித்திருந்தேன் என்று சாக்குச் சொல்லலாம். மூச்சை விட்ட பிறகும் சொல்லவில்லையே. முதுகுக்குப் பின்னால் ஊசியோடு நிற்கிறவரிடம் பிழை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? துண்டு இப்போது கோயம்புத்தூர் ஆய்வகத்துக்குப் போயிருக்கும். 74 வயதில் என் பெயரிலேயே ஒருவர் நிஜமாக இருந்துவிட்டால்?

ஜனவரி 6
குடிநீர் வந்தது. இரண்டு வாரம் கனம் தூக்கக் கூடாது. அம்மா எட்டுக் குடம் ஏற்றினாள். எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

ஜனவரி 8
நார்த்தங்காய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. கீழ்வீட்டு அக்கா, பூளைப்பூவைக் கஷாயம் வைத்துக் குடித்தால் எல்லாம் சரியாகும் என்றார். டாக்டரோ எந்தக் கஷாயமும் கூடாது, கடையில் வாங்கும் வலி மாத்திரையும் கூடாது என்கிறார். முதுகுவலிக்கு அந்த மாத்திரையை எத்தனை வருடம் விழுங்கியிருக்கிறேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 9
அச்சகத்துப் பையன் மெய்ப்புக் கட்டைக் கொண்டுவந்தான். தை முகூர்த்தப் பத்திரிகைகள். ‘திருவளர்ச்செல்வன்’ மூன்று. வினைத்தொகை, ஒற்று மிகாது. வருடந்தோறும் அந்த ‘ச்’சை அடிக்கிறேன், வருடந்தோறும் முளைக்கிறது. ஒரு மணி நேரம் 74ஐ மறந்திருந்தேன்.

ஜனவரி 10
ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகளாம். துண்டில் அகப்படுவது பத்தோ இருபதோ. அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அபத்தம் என்று முதலில் தோன்றியது. ஆனால் முதல் பக்கத்தைப் பார்த்தே புத்தகத்தின் யோக்கியதையை நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 12
ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும் வயது கேட்டார் அந்தப் பெண். 47. “அப்படி யாரும் இல்லையே சார்.” எச்சிலை விழுங்கிவிட்டு, 74 என்றேன். “இருக்கிறது. ரிப்போர்ட் தயார்.”

என் துண்டுதான், தொலையவில்லை. ஒரு டம்ளர் மோர் குடித்தேன், உப்பில்லாமல். அதற்குப் பிறகுதான் உறைத்தது. வயதானால் வடிகட்டிகளில் சில தழும்பேறிப் போவது இயல்பு என்று டாக்டரே சொல்லியிருந்தார். 74இல் கண்டுகொள்ளாமல் விடுவதை 47இல் விடுவார்களா? என் துண்டைப் படித்தவர் எந்த வயதை மனதில் வைத்துப் படித்தார்?

ஜனவரி 13
டாக்டரிடம் சொல்லிவிட்டேன். கோபிக்கவில்லை. சரியான வயதை எழுதி மறுபடி பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். பொங்கல் கழிந்துதான் ஆகுமாம்.

அக்கா கஷாயத்துக்கென்று கொடுத்த பூளைப்பூவை வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து அம்மா வாசலில் காப்புக் கட்டுகிறாள். ஸ்டூல் ஆடுகிறது. அதைப் பிடித்துக்கொள்ளலாம். கனமில்லை.