காரணம் என்ற கட்டம்

லேசர் வெட்டு மெஷின் ஒன்றின் சர்வீஸ் அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் "காற்றுக் குழாயில் ஈரமும் எண்ணெயும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய் இல்லை. லென்ஸின் அடிப்பக்கத்தில் பழுப்புத் துளிகள் தெறித்திருந்ததை நானும் பார்த்தேன், முதலாளியும் பார்த்தார். ஆனால் அந்த வரியை எழுதும்போது என் மனதில் லென்ஸ் மட்டும் இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற, அதை ஓட்டும் பையனும் இருந்தான். எந்த அளவுக்கு லென்ஸைப் பார்த்து எழுதினேன், எந்த அளவுக்கு அவனைப் பார்த்து எழுதினேன் என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் பெயர்ப்பலகை செய்யும் கடை அது. தீபாவளி நெருங்க நெருங்க சிராங்கூன் ரோட்டு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் நேரம். 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் மேசையின் இடது பின்மூலையில் அறுபடுகிறது, வலது முன்மூலையில் அறுபடவில்லை என்று புகார். கேட்டதுமே என் கை, ஒளியை லென்ஸுக்குத் திருப்பிவிடும் மிரர்கள் பக்கம்தான் போகும். அந்த மெஷினில் பின்மூலை, லேசர் ஒளி கிளம்பும் டியூபுக்குக் கிட்டே இருக்கிறது, முன்மூலைதான் ஒளி போய்ச் சேர வேண்டிய கடைசித் தூரம். மிரர் எவ்வளவு திரும்புகிறதோ அதைப்போல இரண்டு மடங்கு ஒளி திரும்பும். கிட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத விலகல், ஒரு மீட்டர் போனதும் லென்ஸின் ஓரத்தில் போய் நிற்கும்.

இரண்டாவது மிரருக்கு முன்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, கிட்டே ஒரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளி சுட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. முதல் மிரரின் பூட்டு நட் தளர்ந்திருந்தது. திருகைச் சரிசெய்து இறுக்கியதும் முன்மூலையும் அறுபட்டது. அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட்டியதில் எல்லா மூலையிலும் வெட்டு மங்க ஆரம்பித்தது. மிரர்களின் அலைன்மென்ட் கெட்டால் மூலைக்கு மூலை வித்தியாசம் இருக்கும். ஓட ஓட எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மோசமானால் முதலில் லென்ஸைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். சுத்தமான ஜிங்க் செலினைடு லென்ஸ், பூச்சு நன்றாக இருந்தால், ஒளியை ஏறக்குறைய முழுதாக விட்டுவிடும். அழுக்கு படிந்த இடம் மட்டும் ஒளியைக் குடித்துச் சூடாகும். சூடானதும் குவியும் இடம் நகரும், வெட்டு அகலமாகும், கடைசியில் லென்ஸ் விரிசல் விடும்.

லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அடிப்பக்கத்தில் துளிகள், நடுவில் கருகிய வட்டம், அதிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல். வளைந்த மேல்பக்கத்தில் வேறு கதை: நெருக்கமாக, பிறை பிறையாகக் கீறல்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் வரும் கீறல்.

அடிப்பக்கத்தில் தெறிப்பது கம்ப்ரெஸரிலிருந்து வருவது. இந்த ஊர்க் காற்றை அழுத்தினால் தண்ணீர் கொட்டும். தொட்டியின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து இறக்காவிட்டால் அந்தத் தண்ணீர் எண்ணெயோடு சேர்ந்து, வெட்டும் இடத்தில் காற்று ஊதும் ஏர் அசிஸ்ட் வழியாக லென்ஸுக்குக் கீழே இருக்கும் நாசிலுக்கு வரும். மேல்பக்கக் கீறல் மனிதக் கையிலிருந்து வருவது.

முதலாளி வந்தார். "என்ன தம்பி, இவன் துடைச்ச லட்சணம்தானே? லென்ஸ் காசை இவன் சம்பளத்துல பிடிச்சாதான் புத்தி வரும்."

"இல்லைங்க சார். காத்துல தண்ணி வருது. கம்ப்ரெஸர்ல தண்ணிய இறக்குறது யாரு?"

அவர் பதில் சொல்லவில்லை. காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் வைக்கச் சொல்லி எங்கள் அலுவலகம் முன்பே விலை கொடுத்திருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவர்தான் தள்ளிப்போட்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து, "சரி, என்ன செய்யணுமோ செய்ங்க" என்றார். புது லென்ஸ் போட்டேன், அறிக்கை எழுதினேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரக்கு லிஃப்டுக்குப் போனபோது பையனும் கூடவே வந்தான். கதவு மூடிய பிறகு சொன்னான்: "அண்ணே, நான் பனியன் துணியாலதான் துடைச்சேன். வெட்டு சரியா வரலை, ராத்திரிக்குள்ள முடிக்கணும்னாங்க. மிரரையும் கழட்டித் துடைச்சேன்."

அப்படியானால் தளர்ந்த நட்டும் அவன் வேலைதான். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பயம். மேலே திரும்பிப் போய் அறிக்கையைத் திருத்த வேண்டுமோ என்ற பயம். போகவில்லை. கீழே இறங்குவதற்குள், ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாளை அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், ஒரு தாளை ஒரு தடவைக்கு மேல் தொடக் கூடாது, தேய்க்கவே கூடாது, மிரரைக் கழற்றினால் திரும்ப அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டக் கூடாது என்று சொன்னேன். தலையாட்டினான்.

நான் செய்தது சரி என்றுதான் பல நாள் நினைக்கிறேன். தண்ணீர்தானே முதலில் வந்தது? அதனால் வெட்டு மங்கியது, மங்கியதால் அவன் துடைத்தான். விரிசலும் அடிப்பக்கக் கருகலிலிருந்துதான் கிளம்பியிருந்தது. இங்கே சட்டப்படி பொருள் சேதத்துக்குச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், தவறு தொழிலாளியுடையது என்று தெரிய வேண்டும், அவன் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு கொடுக்க வேண்டும், ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கவும் கூடாது. அந்தப் பட்டறையில் யார் உட்கார்ந்து விசாரிக்கப் போகிறார்கள்? என் அறிக்கைதான் அங்கே விசாரணை. ஊரில் கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்தவனுக்கு அந்தப் பணம் என்ன என்பது, இங்கே தங்கும் விடுதியில் இருந்து வேலை பார்த்த எனக்குத் தெரியும்.

வேறு சில நாள் இந்த நியாயமெல்லாம் நிற்பதில்லை. மேல்பக்கக் கீறலும் சூட்டை வாங்கும். பூச்சு போன இடம் ஒளியைக் குடிக்கும். விரிசல் அடியிலிருந்து கிளம்பியதாக நான் பார்த்தது, பார்க்க விரும்பியதால் பார்த்ததா? திரும்பச் சோதிக்க அந்த லென்ஸும் இல்லை. உடைந்த செலினைடைச் சாதாரணக் குப்பையில் போட முடியாது. கையுறை போட்டு, பையில் மூடி, ரசாயனக் கழிவோடு அனுப்பிவிட்டோம்.

அலுவலகத்தில் என் சீனியரிடம் சொன்னேன். "அறிக்கை மெஷினுக்குத்தான், ஆளுக்கு இல்லை. பார்த்தது எல்லாத்தையும் எழுது, யார் என்ன செய்யறாங்கங்கிறது அவங்க பாடு" என்றார். சுத்தமான பேச்சு. அவர் சொன்னபடி நடந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். பையனுக்கு வந்திருக்குமா என்று கேட்டேன். அது நம் வேலை இல்லை என்றார். நம் வேலை எதுவரை என்பதில் நான் இன்னும் அவரோடு ஒத்துப்போகவில்லை.

பிறகு வழக்கமான சர்வீசுக்கு அதே கடைக்குப் போனேன். கம்ப்ரெஸரில் டிரையர் வைத்திருந்தார்கள். அந்த ஒரு வரியால் அதுவாவது நடந்தது. பையன் இல்லை; பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டானாம். லிஃப்டில் நான் சொன்னதும் அவனோடு போய்விட்டது. இப்போது வேறொரு ஆபரேட்டர். லென்ஸைக் கழற்றினேன். அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. மேல்பக்கத்தில் அதே பிறைக் கீறல்கள். விரிசல் இல்லை.

விரிசல் இல்லை என்றதும், அன்று நான் எழுதியது சரிதான் என்று ஒரு கணம் நிம்மதி வந்தது. அடுத்த கணமே, அன்று துணியைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கீறல் வந்திருக்காதே என்று தோன்றியது. புதியவரிடம் லென்ஸ் தாள் பெட்டியைக் கொடுத்து, மெஷினை நிறுத்திவைத்துச் செய்தே காட்டினேன். இந்த முறை அறிக்கையில் மேல்பக்கக் கீறலையும் எழுதினேன். முதலாளி படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். லென்ஸ் உடையவில்லையே.