ப்ராஜெக்ட் பேட்ச்சில் ஒருத்தர் காணாமல் போனால்

இறுதியாண்டு இன்ஜினியரிங் ப்ராஜெக்ட் பேட்ச்சில் பெரும்பாலும் 3 அல்லது 4 பேர். ஒருத்தர் கோட் எழுதுவார், ஒருத்தர் ரிப்போர்ட் அடிப்பார், இன்னொருத்தர் ரிவ்யூ அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்பார். "அவன் அப்படித்தான்" என்பது பாதிதான் உண்மை. மீதிக் கோளாறு வேலையைப் பிரித்த விதத்தில் இருக்கிறது.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துப் பார்த்து 1913இல் எழுதினார்: ஆள் கூடக்கூடத் தலைக்கு இழுக்கும் விசை குறைகிறது. கூட்டமாகக் கத்தச் சொல்லி அமெரிக்காவில் நடந்த சோதனையிலும் அதே கதை. ஆனால் தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று நம்பியவர்கள் சுணங்கவில்லை (1981).

அதனால் "லிட்ரேச்சர் சர்வே (முன்பு வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தொகுப்பது) நீ பாத்துக்கோ" என்பது வேலையே அல்ல. "5 பேப்பர், ஒவ்வொன்றுக்கும் 5 வரி, வியாழன் இரவு 8 மணிக்குள் கூகுள் டாக்கில்" என்பதுதான் வேலை. அவரவர் கணக்கிலிருந்தே அடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை ஒருத்தரே வாங்கி ஒட்டினால், வெர்ஷன் ஹிஸ்டரியில், அதாவது யார் எதை அடித்தார் என்ற பதிவில், எல்லாம் அவர் பேரில்தான் விழும்.

முதல் தடவை தவறினால் குரூப்பில் குத்திக்காட்டாதீர்கள். தனியாக ஃபோன் போட்டு, "எங்கடா மாட்டிக்கிட்ட?" என்று கேளுங்கள். பைத்தான் இன்ஸ்டால் ஆகாததைச் சொல்லக் கூச்சப்பட்டே காணாமல் போகிறவர்கள் உண்டு. இன்னும் சின்னத் துண்டாகக் கொடுங்கள். மறுபடியும் தவறினால், அவரிடம் சொல்லிவிட்டே, தேதிகளோடு கைடிடம் (ப்ராஜெக்டை வழிநடத்தும் ஆசிரியரிடம்) போங்கள். ரிவ்யூவுக்கு 2 வாரம் இருக்கும்போது போனால் அவரால் ஏதாவது செய்ய முடியும். முந்தின நாள் போனால் வெறும் கோள். பாவம் என்று காணாமல் போனவர் பங்கையும் சத்தமில்லாமல் முடித்துக் கொடுப்பதுதான் பெரிய தப்பு. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அவரைப் பார்த்து "இந்த மாட்யூல் என்ன செய்யுது?" என்றால், சந்தேகம் பேட்ச் முழுவதன் மேலும் விழும்.

எல்லாவற்றையும் தானே செய்கிறவர் இதைவிடச் சிக்கல், ஏனென்றால் அவர் வேலை நன்றாகவே இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக அடுத்தவர் அத்தியாயத்தைத் திருத்தி எழுதிவிடுவார். காலையில் அந்த அடுத்தவர் கையைக் கட்டிக்கொள்வார். அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல் வைத்து, எழுதுகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு கமென்ட் அனுமதி மட்டும் கொடுங்கள். வைவாவுக்கு ஒரு வாரம் முன்னால், ஒருத்தர் மாட்யூலை இன்னொருத்தர் 5 நிமிடம் விளக்கட்டும். எல்லாவற்றையும் தானே செய்கிறவருக்கு அன்றைக்கு ஒரே வேலை, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது.