நாற்பது ரூபாய் படகு

ஜனவரி 8, 2025, புதன்

எங்கள் வேலூரைப் பற்றிப் பழைய நக்கல் ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், அரசன் இல்லாத கோட்டை. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். மற்ற இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன.

அம்மாவுக்கு 71 வயது. பாலாற்று மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்பிய தலைமுறை. இன்றுவரை படகில் ஏறியதில்லை. கோட்டை அகழியில் படகு விட்டுக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் மூன்று பேரையும் ஏற்றிவிட்டு, கரையில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். நேற்று ராத்திரி டிவியில் ஏதோ ஊர் ஏரியைக் காட்டினார்கள். "ஒரு வாட்டி போய்ப் பார்த்தா இன்னா" என்று சொல்லிவிட்டு, உடனே கீரை ஆயப் போய்விட்டாள். எனக்கு அது போதும்.

ஜனவரி 10, வெள்ளி

கொச்சி என்று முடிவு. மாமா (அக்கா வீட்டுக்காரர்) முட்டுக்காடு பக்கம்தானே என்றார். பக்கம்தான், ஆனால் நகரத்தைத் தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எர்ணாகுளத்தில் ஊரே தண்ணீர் ஓரம் நிற்கிறது. காட்பாடியில் ராத்திரி ஏறினால் காலையில் அங்கே. வேறென்ன வேண்டும்.

தனிப் படகு என்றதும் மாமா கணக்கு நோட்டைத் திறந்துவிட்டார். "அங்க வாட்டர் மெட்ரோ விட்டிருக்கான் மச்சான். ஏசி படகு, பேட்டரில ஓடுது, கொச்சி கப்பல் கட்டும் தளத்திலயே கட்டினது. அதிகபட்ச டிக்கெட்டே 40 ரூபா. நீ 3,500 குடுத்து எதுக்கு?" நியாயமான கேள்வி. 2023 ஏப்ரலில் ஆரம்பித்ததிலிருந்து பார்த்தவர்கள் எல்லாம் அதைப் பாராட்டத்தான் செய்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: அது நிற்காது. நாம் சொன்ன இடத்தில், நாம் சொன்ன நேரம் நிற்காது. அம்மாவுக்கு எதையும் நின்று பார்க்க வேண்டும். லாங் பஜாரில் பாத்திரக்கடை வாசலில் அவளோடு நின்றவர்களுக்குத் தெரியும்.

போனில் நான்கு இடத்தில் விசாரித்தேன். கேட்ட கேள்விகள் மூன்று. எத்தனை பேருக்கு அனுமதி, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா, படகு பதிவு செய்ததா. 2023 மே மாதம் தானூரில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போன செய்தியை மறக்க முடியவில்லை. நான்கில் ஒருவர் இரண்டாவது கேள்விக்கே போனை வைத்துவிட்டார். கடைசியில் ஓர் ஏஜென்ட்டுக்கு ஆயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பினேன்.

விலை தெரிந்தால் அம்மா வர மாட்டாள். அக்காதான் வழி சொன்னாள்: "மாமா சொன்னாரே, அதையே சொல்லிடு. தலைக்கு நாப்பது ரூபான்னு."

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. மாலையில் அம்மா பெட்டியில் இரண்டு நூல் புடவையும் ஒரு கட்டு துணிக் கிழிசலும் எடுத்து வைத்திருந்தாள். எதற்கு என்றேன். "ஈரமானா துடைக்க."

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். ஊரே எங்கேயோ போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் கிளம்பினோம். மொத்தம் ஏழு பேர்: அம்மா, நான், மனைவி, மகள், அக்கா, மாமா, அவர்கள் பையன். எலுமிச்சை சாதம், முள்ளு கத்தரிக்காய்த் தொக்கு, வழியில் கொடுக்க ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா. யாருக்குக் கொடுக்க என்று யாருக்கும் தெரியாது. வெளியூர் போகும்போது கை வீசிக்கொண்டு போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

ஆலப்புழா எக்ஸ்பிரஸ் காட்பாடிக்குப் பதினோரு மணி வாக்கில் வந்தது. கீழ் பர்த் கிடைத்தது அதிர்ஷ்டம்.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் எர்ணாகுளம். அறைக்குப் போய்க் குளித்து, மதியம் வரை தூங்கியே போச்சு.

மாலை மரைன் டிரைவ் நடைபாதை. ஏஜென்ட் சொன்ன படகுத்துறைக்கு (இங்கே ஜெட்டி என்கிறார்கள்) போய்ப் படகைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். போட்டோவில் பார்த்த வெள்ளைப் படகு "ரிப்பேர்" ஆம். பதிலுக்கு அவர் காட்டியதில் இருக்கைகள் பாதி உடைந்திருந்தன. லைஃப் ஜாக்கெட் எங்கே என்றால் மூலையில் ஒரு சாக்குமூட்டையைக் காட்டினார். திறந்தால் நான்கு, அதில் இரண்டுக்குக் கொக்கி இல்லை. வேண்டாம் என்றேன். முன்பணம் அடுத்த வாரம் வந்துவிடும் என்றார். வராது என்று இருவருக்குமே தெரியும்.

மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அறைக்குத் திரும்பும் வழியில் இன்னொரு படகைக் கழுவிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். படகு ஓட்டுபவரை இங்கே ஸ்ராங்கு என்கிறார்கள். கூட லஸ்கர் என்று ஒரு பையன், கயிறு கட்டவும் ஆளை ஏற்றி இறக்கவும். பக்கவாட்டில் பதிவு எண், எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கு, கூரைக்கடியில் வரிசையாக ஆரஞ்சு ஜாக்கெட்டுகள். பேரம் பேசவில்லை. நாளை நான்கு மணியிலிருந்து ஆறு வரை, 3,500. கிளம்பும்போது அவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: "சேட்டா, அம்மா கேட்டா டிக்கெட் நாப்பது ரூபா." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

ஜனவரி 18, சனி

முதல் சிக்கல் ஏறுவதில். ஜெட்டியின் ஓரத்தில் பழைய டயர்கள் தொங்குகின்றன. படகு அவற்றில் உரசி உரசி மேலும் கீழும் போகிறது. நீர்மட்டம் இறங்கியிருந்ததால் ஒரு முழத்துக்கு மேல் பள்ளம். அம்மாவுக்கு முட்டி வலி வேறு. லஸ்கர் பையன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஒரு பெரிய படகு போன அலை வந்து எங்கள் படகைத் தூக்கியது. "இப்போ அம்மே" என்றான். அவள் தரையிலிருந்து தரைக்கு வைப்பதுபோல் காலை வைத்துவிட்டாள்.

படகு நகர்ந்து இருபது அடி போன பிறகுதான் பார்த்தோம், வெறுங்காலோடு இருக்கிறாள். செருப்பைக் கழற்றி ஜெட்டியில் ஜோடியாக வைத்துவிட்டு ஏறியிருக்கிறாள். ஸ்ராங்கு ஒன்றும் சொல்லாமல் படகைப் பின்னுக்கு எடுத்தார். பையன் குதித்து எடுத்து வந்தான். நாற்பது ரூபாய் படகு இதற்குத் திரும்பியிருக்காது மாமா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"மத்த ஜனம் ஏறலையா?" என்றாள் அம்மா.

"இன்னைக்குக் கூட்டம் இல்லம்மா."

உயர் நீதிமன்றக் கட்டிடம் பின்னால் போனது. போல்காட்டித் தீவில் 1744-ல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை மரங்களுக்கு நடுவே தெரிந்தது, இப்போது ஹோட்டல். கோஸ்ரீ பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே லாரி ஓடும் சத்தம் தகரத்தில் கல் உருள்வது போல் கேட்டது. வல்லார்பாடம் வந்ததும் பேச்சுப் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி டெஸ்பாட்ச்சில் இருபது வருஷம். பெட்டியை லாரியில் ஏற்றி சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பியதோடு சரி, அது கப்பலில் ஏறுவதைப் பார்த்ததில்லை. இங்கே கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று பெட்டியைக் கவ்வித் தூக்குவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படித்தான் ஏறுதா நம்ம சரக்கு" என்று இரண்டு முறை சொன்னார். அதற்கப்புறம் வாட்டர் மெட்ரோ பேச்சே இல்லை.

அங்கங்கே ஆகாயத் தாமரை பச்சைப் பாய் போல மிதந்து வந்தது. மழைக்காலத்தில் ஆற்று நீரோடு வந்து அடைத்துக்கொள்ளுமாம். கோடையில் கடல் உப்பு ஏறினால் செத்துவிடும் என்றார் ஸ்ராங்கு.

அம்மா என் சட்டையை இழுத்தாள். "இந்தச் சத்தத்த கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லேன்."

சொன்னேன். என்ஜின் அடங்கியது.

முதலில் காதுக்குள் ரீங்காரம் மட்டும். பிறகு படகின் வயிற்றுக்கடியில் தண்ணீர் களக், களக் என்று தட்டுவது கேட்டது. தூரத்தில் எங்கோ கோயிலா சர்ச்சா தெரியவில்லை, ஒரு மணி. பிள்ளைகள்கூடப் பேசவில்லை. அம்மா ஜாக்கெட் முட்டிக்கொண்டு நிற்க, ஓரமாகக் குனிந்து கையை விட்டாள். வளையல்வரை நனைந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இவ்ளோ தண்ணி கீது. ஒரு சொம்பு குடிக்க முடியாதா?"

பாலாற்றில் இருந்தால் குடிக்கலாம், இல்லை. இங்கே இருக்கிறது, குடிக்க முடியாது. அவளுக்கு அது ஒரு மோசடி மாதிரித் தெரிந்ததோ என்னவோ, கொஞ்ச நேரம் கோபமாகவே இருந்தாள். அரை மணி நேரமாவது அப்படியே மிதந்திருப்போம். ஸ்ராங்கு பீடி பற்ற வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அழிமுகம், காயல் கடலோடு சேரும் வாய். ஒரு பக்கம் வைப்பின், மறுபக்கம் ஃபோர்ட் கொச்சி, நடுவே அரபிக்கடல். 1341-ல் பெரியாற்று வெள்ளம்தான் பழைய முசிறித் துறைமுகத்தை மூடி இந்த வாயை அகலமாகத் திறந்தது என்பார்கள். அலை கனமாகிவிட்டது, இதற்கு மேல் போக மாட்டேன் என்று ஸ்ராங்கு சொல்லிவிட்டார். அதுவும் நல்லதுதான். வளைந்து திரும்பும்போது மகள் கத்தினாள். சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு எழும்பி வழுக்கி உள்ளே போனது. டால்ஃபின். போனை எடுப்பதற்குள் இன்னொரு முறை. மூன்றாவது முறைக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தோம், வரவில்லை.

சீன வலைகளைத் தண்ணீர்ப் பக்கமிருந்து பார்க்கும்போதுதான் அதன் சூட்சுமம் புரிகிறது. கரையில் கயிற்றில் கோத்த பாறாங்கற்கள் தொங்குகின்றன. நான்கைந்து பேர் இழுத்தால் கற்கள் இறங்குகின்றன, வலை எழும்புகிறது. "ஏத்தம்" என்றாள் அம்மா சட்டென்று. உண்மைதான், கிணற்று ஏற்றம்தான். மேலே வந்த வலையில் ஒரு கைப்பிடி மீன்கூட இல்லை. கொக்குகளுக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பும் வழியில் வில்லிங்டன் தீவு. கடற்படைப் பக்கம் போட்டோ எடுக்கக் கூடாது என்று லஸ்கர் பையன் எல்லோர் போனையும் இறக்கச் சொன்னான். இந்தத் தீவு இயற்கையானது இல்லை. 1920-ல் சென்னை கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு அனுப்பி வைத்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர், கப்பல் வர ஆழப்படுத்தும்போது அள்ளிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. 1928-ல் உள் துறைமுகத்துக்கு முதல் கப்பல் வந்தது. மகள் இதைப் படித்துச் சொன்னதும் அம்மா, "ஏரி தூர் வாரி மண்ணக் கரையில போடுவாங்களே, அதானே?" என்றாள். அதேதான். அன்றைக்கு ஃபோர்ட் கொச்சியும் நம் வட ஆற்காடும் ஒரே சென்னை மாகாணம். அந்த கவர்னர் கொஞ்சம் நம் ஏரிகள் பக்கமும் ஆள் அனுப்பியிருக்கலாம்.

மரைன் டிரைவ் மேற்கு பார்த்த கரை. அதனால் மாலையில் வெயில் முழுக்கக் கட்டிடங்களின் முகத்தில்தான் விழுகிறது. ஒவ்வொரு ஜன்னலும் எரிவது போல இருந்தது. சூரியன் விழும் வரை இருக்கலாமா என்று கேட்டேன். ஆறு மணிக்கு ஜெட்டியில் இருக்க வேண்டும் என்றார். அவ்வளவு அழகை விட்டுவிட்டு இறங்கியதில் எனக்கு இன்னும் வருத்தம்.

இறங்கியதும் அம்மா ஸ்ராங்கிடம் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள். "ஏழு பேருக்கு 280 ரூபா உனக்கு டீசலுக்கே பத்தாது நைனா. வச்சிக்கோ." மக்கன் பேடா டப்பாவும் அவருக்கே போனது. நான் கால் மணி நேரம் முன்னால் கொடுத்த 3,500 அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. அவர் நூறு ரூபாயை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை.

ஜனவரி 20, திங்கள்

விடியும் முன் காட்பாடி. ஆட்டோவில் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது இருட்டு. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது இதே பாலத்தில் அம்மாவோடு நின்றேன். அன்றைக்கும் அவளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. இன்று தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

முன்பணம் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

என் ஜெராக்ஸ் கடையில் கூட்டம். எதிர் வீட்டு அக்கா ஆதார் நகல் எடுக்க வந்தவர், எடுத்த பிறகும் நகரவில்லை.

"தம்பி, அம்மா சொன்னாங்க. கொச்சில தலைக்கு நாப்பது ரூபாதானாமே. டால்ஃபின்லாம் காட்டுறாங்களாம், நிறுத்தச் சொன்னா நிறுத்துறாங்களாம். சித்திரைல நம்ம தெருவுல பதினாறு பேர் வர்றோம்னு பேசி வச்சிருக்கோம். அம்மா நோட்டுல பேர் எழுதிட்டாங்க. நீயே டிக்கெட் போட்டுடு."

எண்ணூறு ரூபாயை மேசையில் வைத்தார். பதினாறு நாற்பது 640, மீதி டீ செலவுக்காம்.