டயருக்கு முன் ஆக்சில்

பழைய ஜீப் ராங்லர் டிஜே வைத்திருப்பவர்கள் முதலில் விசாரிப்பது 35 அங்குல டயரின் விலையைத்தான். ஐயா, பின் ஆக்சிலை, அதாவது பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சைப் பாருங்கள்! பல டிஜேக்களில் இருப்பது டானா 35 என்ற மாடல் ஆக்சில். அந்த 35-க்கும் டயரின் 35-க்கும் எந்த உறவும் இல்லை. அதன் ஷாஃப்டில், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் முனையில், ஸ்ப்ளைன்கள் எனும் பற்கள் 27தான். பாறையிடுக்கில் டயர் சிக்கினால் முறுக்குவிசை முழுவதும் அந்த மெல்லிய தண்டின் மேல் இறங்கும். அதற்குப் பதிலாகப் பொருத்தத் தக்கது 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 ஆக்சில்; அதில் தடித்த தண்டு, 31 ஸ்ப்ளைன்கள், டிஸ்க் பிரேக் வேறு. சக்கர போல்ட் இடைவெளியும் ஜீப்பில் உள்ள அதேதான். தண்டை உள்ளே பிடித்துவைக்கும் சி-கிளிப்பின் தொல்லை மட்டும் அதிலும் உண்டு: தண்டு உடைந்தால் சக்கரமே கழன்று வெளியே வரலாம். ஆக்சிலை வண்டியோடு பிணைக்கும் பிராக்கெட்டுகளை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். பெரிய டயருக்கு ஏற்ப ஆக்சிலின் கியர் விகிதத்தை 4.56 அளவுக்கு மாற்றும்போது முன் ஆக்சிலிலும் அதே விகிதம் இருக்கட்டும். அதற்குப் பணம் ஒதுக்காதவர்கள் 31 அங்குலத்தோடு நின்றுகொள்ளலாம்.