‘காரணத்தை எழுதிக் கொடுங்கள்’: ஒரு பட்டா மாறிய கதை

அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தவறி ஒரு வருஷம் கழித்துத்தான் எங்களுக்குப் பட்டா நினைப்பே வந்தது. ஊருணிக்கு வடபுறம் ஒன்றேகால் ஏக்கர் புஞ்சை. கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. ஆனால் 1978-இல் அப்பச்சி தன் சம்பாத்தியத்தில், தன் பெயரில் கிரையம் வாங்கியது. ஆத்தா, ஆச்சி (அக்கா), தம்பி, நான் என்று நாலு பேர் பெயரையும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழை வைத்து இ-சேவை மையத்தில் பதிந்துவிட்டு, பல்லவனில் சென்னைக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் செய்தி வந்தது: நிராகரிப்பு. ‘ஆவணங்கள் போதவில்லை.’ எந்த ஆவணம் என்று ஒரு சொல் இல்லை. தகரப் பெட்டியில் இருந்ததையெல்லாம் சேர்த்து மறுபடி பதிந்தேன். மறுபடி அதே வரி. தாலுகா ஆபீசுக்கு நேரில் போனால், “பங்காளிகள்கிட்ட சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க” என்றார்கள். எங்கள் வீட்டில் பதினோரு புள்ளி. (வெளியூர்க்காரர்களுக்கு: நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஓர் ஆண்பிள்ளையின் குடும்பம் ஒரு புள்ளி.) அதில் இரண்டு புள்ளி பினாங்கில். அப்பச்சி சொந்தமாக வாங்கிய நிலத்துக்கு அவர்கள் சம்மதம் எதற்கு என்று கேட்டேன். “வழக்கமா கேக்குறதுதான் சார்.”

அன்றைக்கு வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதும் அண்ணன் ஒருவர்தான் என் தலையில் குட்டினார். “மனு மேல மனு போடாதீங்க தம்பி. ஒவ்வொரு தடவையும் அவங்க கணக்குல ஒண்ணு முடிஞ்சுது, உங்களுக்கு முதல்லேர்ந்து ஆரம்பம். ஏன் தள்ளினாங்கன்னு எழுத்துல வாங்குங்க.”

அதற்கு வழி 2005-ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டம். ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுத்தால் அதற்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் ‘ஏன் நிராகரித்தீர்கள்’ என்று கேள்வியாகக் கேட்டால் நழுவிவிடுவார்களாம்; நகலாகக் கேட்கச் சொன்னார். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மூன்று நகல்கள் கேட்டேன்: என் கோப்பின் குறிப்புப் பக்கங்கள், ஆட்சேப மனு ஏதும் வந்திருந்தால் அது, பங்காளிகள் சம்மதம் வேண்டும் என்று சொல்லும் விதியோ அரசாணையோ.

கெடு 30 நாள். 28-ஆம் நாள் பழுப்புக் கவர் வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். நீல மையில் சாய்ந்த கையெழுத்து, ‘விசாரித்ததில் பங்காளிகள் தரப்பில் ஆட்சேபம் உள்ளதாகத் தெரிகிறது.’ யாரை விசாரித்தார்கள், யார் ஆட்சேபித்தார்கள், எதுவும் இல்லை. மற்ற இரண்டுக்கும் ‘கோப்பில் இல்லை’ என்று பதில். அதாவது எனக்கு எதிராக எவரோ எங்கோ சொன்னதை நம்பி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு முறை முடித்திருக்கிறார்கள். 1983-ஆம் வருடப் பட்டா பாஸ் புத்தகச் சட்டமோ, மாற்றம் பற்றி உத்தரவு போடுமுன் சம்பந்தப்பட்டவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாமா என்று வக்கீல் உறவினர் ஒருவரிடம் கேட்டேன். மேல்முறையீட்டுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கும்போது, அங்கே முதலில் போ என்றுதான் சொல்வார்கள் என்றார். சரி என்று கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்தேன். நடுவில் இரண்டு வாய்தா. அதைச் சொல்லி உங்களைச் சலிக்க வைக்கவில்லை.

விசாரணையன்று ஒரு கூத்து. பங்காளி ஆட்சேபம் என்ற பேச்சே எழவில்லை. பத்திரத்தில் உள்ள பரப்புக்கும் ‘அ’ பதிவேட்டுக்கும் (ஊர் நிலக் கணக்கு) மூன்று சென்ட் வித்தியாசம் என்று புதிதாக ஒன்றைக் கிளப்பினார்கள். இதற்கும் அந்த உறவினர் முன்பே என்னைத் தயார்படுத்தியிருந்தார். உச்ச நீதிமன்றத்தின் மொகிந்தர் சிங் கில் வழக்கு, 1977, பஞ்சாபில் நடந்த தேர்தல் தகராறு. ஓர் உத்தரவு அதில் எழுதப்பட்ட காரணத்தைக் கொண்டுதான் நிற்கவேண்டும், பிற்பாடு புதுக் காரணம் சொல்லி முட்டுக்கொடுக்க முடியாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. அதன் அந்த ஒரு பக்கத்தை நீட்டினேன். கோட்டாட்சியர் படித்துவிட்டு அதிகம் பேசவில்லை. நிராகரிப்பு ரத்து, இரு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்து விசாரித்து, காரணத்தோடு உத்தரவு போடவும் என்று எழுதி, கோப்பைக் கீழே திருப்பி அனுப்பினார்.

நோட்டீஸ் போனதும்தான் ஆட்சேபித்தவர் யாரென்று தெரிந்தது. பக்கத்து நிலத்துப் பெரியப்பச்சி மகன். அண்ணனுக்கு நிலத்தின் மேல் கண்ணே இல்லை. பெயர் மாறினால் வண்டிப் பாதையை அடைத்துவிடுவோமோ என்று பயம். “அதை என்கிட்ட கேட்டிருக்கலாமேண்ணே” என்றேன். “நீ மெட்ராஸ்ல இருக்கே, எங்கே கேக்குறது?” என்றார். பாதை பழையபடியே இருக்கும் என்று நான் எழுதிக் கொடுக்க, அவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். பத்து நிமிஷம். அதற்கு முன்னால் ஓடியது பதினான்கு மாதம்.

போன வாரம் கூட்டுப் பட்டா வந்துவிட்டது. ஆச்சியின் பெயரில் மட்டும் ஓர் எழுத்துக்குப் புள்ளி விழவில்லை. போனில் சொன்னேன். “புள்ளிக் கணக்குலதான் பொம்பளைப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டீங்க, பேருலயுமாடா?” என்றாள். திருத்தத்துக்குப் பதிந்திருக்கிறேன்.